முதலில் யாரிடம் சொன்னான்

என் கணவன் தியாகு எனக்குச் செய்த துரோகம், பேகம்பேட் ஸ்டேஷனுக்கும் அமீர்பேட் ஸ்டேஷனுக்கும் நடுவில், ஓடும் ஹைதராபாத் மெட்ரோவில், அவன் வாயாலேயே வெளியே வந்தது. துரோகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. முதுகுப்பையை வயிற்றுப் பக்கம் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னான்.

"நீலு, ஒரு ஐடியா. மெமரிக்குப் போற நம்பரெல்லாம் இருக்குல்ல, அதுல பக்கத்துப் பக்கத்து நம்பருக்கெல்லாம் புள்ளி நிக்கிற இடம் கிட்டத்தட்ட ஒண்ணாவேதான் இருக்கு. அதை ஏன் ஒவ்வொரு தடவையும் அனுப்பிக்கிட்டு? பொதுவா ஒண்ணை ஒரே தடவை அனுப்பிட்டு, மத்ததுக்கு வித்தியாசத்தை மட்டும் அனுப்பினா போதும். ஸ்ரீலேகா இதைக் கேட்டவுடனே சொல்லிட்டா, அப்ப மிச்சமிருக்கிறதை நெருக்கி அடுக்கிடலாமேன்னு."

ஸ்ரீலேகா இதைக் கேட்டவுடனே. அப்படியென்றால் அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். அமீர்பேட் வந்தது. கோச்சிங் கிளாஸ் பிள்ளைகள் பத்துப் பெட்டிக் கூட்டத்தை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து திணித்தார்கள். எங்கள் இருவருக்கும் நடுவே நான்கு பேர் புகுந்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, என் முகத்தை அவன் பார்க்க முடியவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரியலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. சில வீடுகளில் சம்பளம் மனைவி கைக்கு வர வேண்டும். சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு. எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு யோசனை வந்தால், அது அரைகுறையாக இருந்தாலும், பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும், முதலில் மற்றவரிடம் சொல்ல வேண்டும். இதே அமீர்பேட்டில், சிப் டிசைன் கற்றுத்தருகிறோம் என்று போர்டு போட்ட மூன்றாம் மாடி இன்ஸ்டிடியூட்டில், மன்னார்குடியிலிருந்து வந்த தியாகு எனக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அவன் என்னிடம் காதலைச் சொன்னதற்கு வெகுநாள் முன்பே ஒரு சர்க்யூட்டைச் சொன்னான். அது தப்பு என்று நான் சொன்னேன். எங்கள் கல்யாணத்துக்கு அதுதான் அஸ்திவாரம்.

அந்த அஸ்திவாரத்தின்மேல் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் ஆபீஸுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஸ்ரீலேகா ஏறி நின்றுவிட்டாள்.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து மறைக்கிற ஆள் நான் இல்லை. தூக்கம் கெட்டது, சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன். அவர்கள் இருவரும் எங்கேயாவது கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரியும். என் அம்மா, அத்தைகள், தாத்தா காலத்தில் வடாற்காட்டிலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட எங்கள் லாலாகுடா சொந்தம் மொத்தமும் எனக்குப் பின்னால் வந்து நிற்கும். 'என் புருஷன் ஒரு ஐடியாவை அவளிடம் முதலில் சொல்லிவிட்டான்' என்று எந்த அத்தையிடம் போய் அழுவது?

ஆக்னஸிடம் அழுது பார்த்தேன். அவள் என்கூட ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள், இப்போது பாரடைஸ் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பேங்கில் இருக்கிறாள். இரானி டீக்கடையில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, தமிழில் ஹைதராபாத் ஹிந்தியைக் கலந்து கேட்டாள்.

"கைக்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன் உனக்கு? போன்ல ஏதாச்சும் மாட்டுச்சா?"

"போன்ல ஒண்ணுமில்ல."

"தனியா எங்கயாச்சும் போறாங்களா?"

"மீட்டிங் ரூமுக்குத்தான் போறாங்க. கண்ணாடி ரூம். எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன பண்ணான்னு சொல்லேன்."

"மெமரி கம்ப்ரெஷன் பத்தி ஒரு ஐடியா அவனுக்கு வந்துச்சு. அதை எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிட்டான்."

ஆக்னஸ் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "ஹவ்? அப்படியா, அவ்ளோதானா?" என்றாள். பிறகு, "நக்கோ, வேணாம் நீலா, என்னை விட்டுடு. பேங்க்ல ஆடிட்டிங் நடக்குது" என்று எழுந்து போய்விட்டாள்.

சரி, அந்த ஐடியாதான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி சிப் டிசைன் செய்கிறது. சிப் கணக்குப் போடுவதற்கு ஆகும் கரண்ட் ஒன்றும் பெரிதில்லை. கணக்குக்கு வேண்டிய எண்களை மெமரியிலிருந்து கொண்டுவருவதற்கும், விடையைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதற்கும்தான் கரண்ட் தண்ணீராகச் செலவாகிறது. தக்காளி விலையைவிட மார்க்கெட்டுக்குப் போய்வந்த ஆட்டோவுக்கு அதிகம் கொடுத்த கதை. அந்த எண்கள் எல்லாம் புள்ளி வைத்த எண்கள். நாலு புள்ளி இரண்டு ஆயிரம், நாலு புள்ளி மூன்று ஆயிரம் என்று நாம் சொல்வதைப்போல, ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம் இருக்கும். இலக்கங்கள் ஒரு பாகம். அது ஆயிரமா லட்சமா என்று, அதாவது புள்ளி எங்கே நிற்கிறது என்று சொல்வது இன்னொரு பாகம். ஒரே படத்தில், ஒரே அளவீட்டில் பக்கத்துப் பக்கத்தில் வரும் எண்கள் எல்லாம் ஆயிரம், ஆயிரம், ஆயிரம் என்றே வருகின்றன. அந்த 'ஆயிரத்தை' ஒரு தடவை மட்டும் அனுப்பலாம் என்பதுதான் தியாகுவின் யோசனை. காலியான இடத்தில் அடுத்த எண்ணை நெருக்கி வைத்தால் அனுப்ப வேண்டியது நன்றாகக் குறையும் என்பது ஸ்ரீலேகா போட்ட ஒட்டு.

நல்ல யோசனைதான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மட்டமான யோசனையாக இருந்தால் அவளிடமே சொல்லித் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

அடுத்த சில வாரங்கள் நான் ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். அவர்களைத்தான் பார்த்தேன். ஸ்ரீலேகாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. சுருட்டை முடி. சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்ள மாட்டாள். என்னை 'அக்கா' என்பாள், என் கணவனை 'தியாகு' என்பாள். ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அது எனக்கும் தெரியும். அப்படியானால் என்னையும் நீலா என்று கூப்பிட வேண்டியதுதானே? நான் அக்கா, அவன் மட்டும் தியாகு என்றால், இது எந்த ஊர் முறை?

தியாகுவோ சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவன் மாதிரி வந்தான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "என்ன விசேஷம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, இன்னிக்கு நல்லாப் போச்சு" என்பான். என்னிடம் எதையும் மறைக்கவில்லை, கேட்டால் எல்லாம் சொன்னான். ஆனால் சொன்னதெல்லாம் முடிந்துபோன விஷயங்கள். யோசனை பச்சையாக இருக்கும்போது அவள். வெந்த பிறகு நான்.

ஒரு மதியம் மீட்டிங் ரூமைத் தாண்டிப் போனேன். இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெள்ளை போர்டு முழுக்க எண்கள். தியாகு ஏழு எழுதும்போது நடுவில் குறுக்காக ஒரு கோடு போடுவான், ஒன்றோடு குழம்பக் கூடாது என்று. போர்டில் பச்சை மார்க்கரில் இருந்தது அவன் கையெழுத்து. சிவப்பில் இருந்தது அவளுடையது. சிவப்பு ஏழுகளுக்கும் குறுக்குக் கோடு இருந்தது. நான் அந்தப் போர்டின் முன்னால் நின்று சிவப்பு ஏழுகளையே பார்த்தேன். ஹவுஸ்கீப்பிங் அம்மா வந்து, "அழிச்சிடவா மேடம்?" என்று ஹிந்தியில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது.

இனி என் கைக்கு வந்த சந்தர்ப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் என் வேலை பவர் அளப்பது. யார் எதை டிசைன் செய்தாலும், அது எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது நான்தான். நான் சொல்கிற நம்பர் சரியாக இருந்தால்தான் அது சிப்புக்குள் போகும். அவர்கள் இருவருடைய டிசைனும் என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அதை இறுதி செய்யப் போவதாக எங்கள் தலைமைப் பொறியாளர் பக்தவத்சலம் சொல்லியிருந்தார். அனுப்ப வேண்டிய பிட்கள், அதாவது வயரில் பூஜ்யமும் ஒன்றுமாகப் போகிற துண்டுகள், கால்வாசி குறைந்துவிட்டன என்று ஏற்கெனவே கேன்டீன் வரைக்கும் பேச்சு. ஸ்ரீலேகா எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்திருந்தாள். நான் என் பங்கை பக்கத்து சீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் என் ஓட்டம் முடிந்தது. முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்பாமல், வேறு டேட்டாவை வைத்து மறுபடி ஓட்டினேன். அதே கதைதான்.

பிட்கள் குறைந்திருந்தன. கரண்ட் கூடியிருந்தது.

எப்படி என்றால், ஒரு வயரில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தால் செலவு பெரிதாக இல்லை. ஒன்று ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான். பூஜ்யம் ஒன்றாக மாறும்போதும், ஒன்று பூஜ்யமாக மாறும்போதும்தான் கரண்ட் போகிறது. பழைய முறையில் 'ஆயிரம்' எப்போதும் அதே வயர்களில்தான் வரும். அடுத்த எண்ணும் ஆயிரம், அதற்கடுத்ததும் ஆயிரம். அந்த வயர்கள் பாட்டுக்கு அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன. இவர்கள் ஆயிரத்தைத் தூக்கிவிட்டு எண்களை நெருக்கி அடுக்கினார்கள். ஒரு எண் முடிந்த இடத்திலேயே இன்னொன்று தொடங்கியது. இப்போது எந்த வயரில் எது வரும் என்பதற்கு வரிசையே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த வயரெல்லாம் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. குறைவாக அனுப்பினால் குறைவாகச் செலவாகும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள். பெருமையில் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அவன் என்னிடம் முதலில் சொல்லியிருந்தால், "வயர் எத்தனை தடவை மாறும்?" என்று அங்கேயே, பேகம்பேட் தாண்டுவதற்குள் கேட்டிருப்பேன். என் வேலையே அதுதானே? எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! தியாகுவுக்கு மிகவும் பிடித்த சுண்டைக்காய் வத்தக்குழம்பு அன்று ராத்திரி வைத்தேன். அப்பளமும் பொரித்தேன்.

"பவர் ரன் முடிஞ்சுதா?" என்று அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ஓடிட்டிருக்கு," என்றேன்.

"இன்னுமா?"

"மெஷினெல்லாம் பிஸி."

எங்கள் ஆபீஸில் ஒரு மரியாதை உண்டு. நம்பர் மோசமாக வந்தால், அளப்பவர் அதை டிசைன் செய்தவரிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட வேண்டும். சபையில் வைத்து உடைக்கக் கூடாது. நான் இதுவரை எல்லோரிடமும் அப்படித்தான் நடந்துகொண்டேன். பக்தவத்சலம் சாரிடமே ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லவில்லை. வியாழன் முழுக்க ஸ்ரீலேகா என் மேஜைப் பக்கம் வந்து, "ஏதாச்சும் வந்துச்சுங்களாக்கா?" என்று கேட்டபோதெல்லாம் இல்லையென்று தலையாட்டினேன். அந்த முகம் எல்லோர் முன்னாலும் வாடுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் ரூமில் என் முறை வந்தது. பிட் கணக்கைக் காட்டினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு பவர் கணக்கைக் காட்டினேன். பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா நீலா, கூடியிருக்கா? குறையலையா?"

"கூடியிருக்கு சார். ரெண்டு டேட்டாவுல ஓட்டிப் பாத்துட்டேன்."

"எப்ப தெரிஞ்சது?"

"இப்பதான் சார், காலையில."

தியாகு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஸ்ரீலேகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடப்போகிறது, இதோ வாடப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கு ஸ்கிரீனில் இடித்துவிடும்போல அருகில் போனாள்.

"அக்கா, அந்த வயருங்களைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டுங்க்கா."

காட்டினேன்.

"அட, ஆமாங்க்கா!" என்று கத்தினாள். "நாம நெருக்கி வெச்சதுல ஒவ்வொரு வயருக்கும் ஆள் மாறிக்கிட்டே இருக்குது! இது எனக்குத் தோணவே இல்லைங்க்கா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வாடவில்லை. பாதுஷா கிடைத்த குழந்தை மாதிரி நிற்கிறாள். அதுவும் 'நாம' என்கிறாள், நானும் சேர்ந்து நெருக்கி வைத்ததுபோல. அப்படியே என் பக்கம் திரும்பி, "அப்ப என்னங்க்கா பண்ணலாம்?" என்று கேட்டாள். மரியாதைக்காகக் கேட்கவில்லை. பதில் என்னிடம் இருக்கிறது என்று நம்பிக் கேட்டாள். கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

 நான் உடைக்க மட்டுமே வந்திருந்தேன். ஆனால் அவள் அப்படி நின்றதும் என் வாய் தானாகத் திறந்தது.

"நீங்க பண்ணியிருக்கிறது பந்தியில ஒரே இலைக்கு உப்புலேர்ந்து பாயசம் வரைக்கும் போட்டு முடிச்சிட்டு, அப்புறம் அடுத்த இலைக்குப் போற மாதிரி இருக்கு," என்றேன். "இலைக்கு இலை வாளிய மாத்திட்டே இருக்கணும். அந்த மாத்துற செலவுதான் இது."

"பந்தியில யாருங்க்கா அப்படிப் போடுவாங்க? உப்புன்னா வரிசை பூரா உப்பு. அப்புறம் பச்சடின்னா…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள். "அக்கா!"

"அதேதான்," என்றேன்.

"நம்பர் நம்பரா அனுப்ப வேண்டாம். எல்லா நம்பரோட முதல் பிட்டையும் சேர்த்து ஒரு வரிசை. எல்லாத்தோட ரெண்டாவது பிட்டும் ஒரு வரிசை."

"ஆமா. பக்கத்துப் பக்கத்து நம்பர் ஒரே மாதிரி இருந்தா, அந்த வரிசை பூரா ஒரே பூஜ்யமாவோ ஒரே ஒண்ணாவோதான் இருக்கும்."

"அந்த வரிசைக்கு வாளியே போக வேண்டாம்! சும்மா ஒரு அடையாளம் வெச்சா போதும்!"

அவள் மார்க்கரை எடுத்து போர்டில் கட்டம் போட ஆரம்பித்தாள். நான் அவள் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கி, கட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். அவள் இன்னொரு மார்க்கரை எடுத்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஆனா பந்தி நிறையணுமேங்க்கா. எல்லாரும் வந்து உக்காந்தாத்தானே பரிமாற ஆரம்பிக்க முடியும்? அதுக்குக் காத்திருக்கிற நேரம்?"

"இப்ப மட்டும் காத்திருக்கலையா? பொதுவான ஆயிரத்தைக் கண்டுபிடிக்கணும்னா எல்லா நம்பரும் வந்தாகணும். அந்த நேரத்தைத்தான் ஏற்கெனவே குடுத்துட்டோமே."

"ஐயோ, ஆமாங்க்கா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பின்னாலிருந்து தியாகுவின் குரல் கேட்டது. "திருப்பி அடுக்குறதுக்கு சிப்புல இடம் வேணுமே, அது…"

"இருக்கு," என்றோம் நானும் அவளும் ஒரே நேரத்தில். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. பக்தவத்சலம், "சரிம்மா, ஒரு வாரம் டைம் தரேன், மூணு பேரும் சேந்து இதை ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்று எழுந்தபோதுதான் நினைவு வந்தது. போர்டில் பாதி என் கையெழுத்து.  நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வாயைக்கூட மூடாமல். தியாகு மேஜையின் ஓரத்தில் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. பாரடைஸ் வரை அவன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான்.  நான் எதற்கும் தயாராக இருந்தேன். வாரக்கணக்கில் சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"ஓடிட்டிருக்குன்னு சொன்னியே," என்றான்.

"ஆமா."

"புதன்கிழமையே முடிஞ்சிருக்கு. போய்ப் பாத்தேன்."

"ஆமா. நீ மட்டும் எங்கிட்ட எல்லாத்தையும் முதல்ல சொல்லிட்டியாக்கும்?"

அவனுக்கு உடனே புரிந்தது. எதை என்று கேட்கவில்லை. அப்படியென்றால் அவனுக்கும் இத்தனை நாளாகத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பெட்டியின் மேலே எழுதியிருந்த ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பந்தி விஷயம் எப்ப வந்துச்சு உனக்கு? அதையும் புதன்கிழமையே மறைச்சு வெச்சிருந்தியா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அங்கயே, அவகிட்டப் பேசும்போதுதான் வந்துச்சு."

அவன் மெல்லத் தலையாட்டினான். "வரும்," என்றான். "அவகிட்டப் பேசும்போது வரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு நீலு. உனக்கு முன்னாடி அவகிட்ட சொல்லணும்னு நான் போய்ச் சொல்லல. பேசிட்டிருந்தேன், வந்துடுச்சு. வந்தப்போ எதிர்ல அவ இருந்தா."

இந்த ஒரு விளக்கத்தைத்தான் இத்தனை நாள் அவனிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கிடைத்தது, அது பொய்யில்லை என்பதும் தெரிந்தது. அதுதான் சுட்டது. நேற்றுவரை நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்படி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது அவளிடம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருந்தது. இன்றைக்கு நானே அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். அவன் தினமும் வீட்டுக்கு அந்த முகத்தோடு ஏன் வந்தான் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் திரும்பிக்கூடப் பாக்கல," என்றான் தியாகு.

அவன் குரலில் இருந்தது கோபம் இல்லை. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், பல வாரங்களாக எனக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. நியாயமாக அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. தார்நாகாவில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் விடவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

சனிக்கிழமை இருவரும் மிகவும் நல்லபடியாக நடந்துகொண்டோம். அவன் துணி காயப்போட்டான். நான் அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஆபீஸைப் பற்றி யாரும் பேசவில்லை. வீடு கொஞ்சம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு தடவையும் வரிசைகளை மேலிருந்து கீழாகவே அனுப்ப வேண்டியதில்லை. முந்தின பந்தி எந்த வரிசையில் முடிந்ததோ, அடுத்த பந்தியை அங்கேயே தொடங்கிக் கீழிருந்து மேலாகப் போகலாம். பாயச வாளி ஏற்கெனவே கையில்தானே இருக்கிறது? இன்னும் கொஞ்சம் கரண்ட் மிஞ்சும். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தேன். தியாகு ஹாலில்தான் இருந்தான், பேப்பர் படித்துக்கொண்டு. நிமிர்ந்து பார்த்து, "என்ன, சிரிக்கிற?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவு செய்து மறைக்கவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஸ்ரீலேகாவிடம் சொல்லும்போது அவள் எப்படிக் கத்துவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்ச் சட்னிக்குத் தேங்காய் போட்டேன்.

மிக்ஸி சத்தத்தையும் மீறி மேஜையில் ஒரு போன் அடித்தது. மிக்ஸியை நிறுத்தினேன். தியாகு பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தான். நானும் ஈரக்கையோடு ஹாலுக்கு வந்தேன். இரண்டு போனும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. வெளிச்சம் வந்தது அவனுடையதில். ஸ்ரீலேகா என்று பெயர் வந்தது.

"சொல்லு," என்றான் தியாகு. கொஞ்சம் கேட்டான். "அட!" என்றான். பால்கனிக்குப் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டான். அங்கிருந்து அவன் சிரிப்பது கேட்டது. பிறகு வேகவேகமாக எதையோ விளக்கினான், காற்றில் விரலால் கட்டம் போட்டபடி. தோசைக்கல் புகைந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

ஒரு வழியாக உள்ளே வந்தான். வெள்ளிக்கிழமை தொலைந்துபோயிருந்த அந்த நிறைவு முகத்தில் திரும்ப வந்திருந்தது. மறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒரு சந்தேகம் கேட்டா. திங்கக்கிழமை சொல்றேன், இன்னும் சரியா ஓடல."

"எங்கிட்ட குடுக்கச் சொல்லலையா?"

"இல்லையே," என்றான் தியாகு. சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டான்.

நான் மேஜையிலிருந்த என் போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது. சிக்னலும் முழுசாக இருந்தது.